கறுப்புக்கு அடியில் ஒரு கொக்கு: றலி சைக்கிள் பட்ஜ் ஒன்றை மீட்ட விபரம்

இந்தக் குறிப்பு உள்ளங்கையின் பாதியைக்கூட நிறைக்காத ஒரு பித்தளைத் தகட்டைப் பற்றியது. றலி (Raleigh) சைக்கிளின் முன் கழுத்தில் ஹாண்டிலுக்குக் கீழே இருக்குமே, அந்தப் பட்ஜ். நடுவில் கொக்கின் தலை, அதோடு றலி என்ற பெயர், அடியில் நொட்டிங்ஹாம், இங்கிலாந்து என்ற ஊர்ப்பெயர். என்னிடம் வந்த சைக்கிளில் அந்தக் கொக்கைக் காணவில்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு மேடு மட்டும் தெரிந்தது. சட்டம் முழுவதற்கும் தூரிகையால் கறுப்பு எனாமல் அடித்தவர் பட்ஜையும் விடாமல் அடித்திருந்தார்.

அடித்தவர் சைக்கிளின் சொந்தக்காரரேதான். யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். சைக்கிள் அவருடைய தகப்பனார் வாங்கியது. "தொண்ணூத்தைஞ்சில அம்மாவை இதில இருத்தித்தான் தென்மராட்சிக்கு உருட்டிக்கொண்டு போனனான் தம்பி. அங்க மழைக்க கிடந்து, திரும்பி வரேக்க எல்லாம் கறள். கடையில கறுப்புப் பெயின்ற்தான் இருந்தது. வாங்கி அடிச்சன்" என்றார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு போர் நெருங்கி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்ததை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அவர் கேட்டது சின்ன விஷயம். "புதுசு மாதிரி வேண்டாம். றலி எண்டு வாசிக்கக்கூடியமாதிரி இருந்தாப் போதும்." மகளுக்கு வேறு யோசனை. "நெற்றில இதே மாதிரிப் புது பட்ஜ் விக்கினம் அண்ணை. அதை வாங்கிப் பூட்டினா வேலை முடிஞ்சுதெல்லோ?" பட்ஜே தொலைந்துபோன சைக்கிளுக்கு அது நல்ல வழிதான். இங்கே அசல் தகடு அடியில் இருக்கிறது. அதில் எவ்வளவு பெயின்ற் மிஞ்சியிருக்கிறது என்று பார்க்காமல் புதியதைப் பூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாங்கி வைத்தேன்.

முதலில், இது எந்தக் காலத்துச் சைக்கிள்

பெயின்ற் வேலையில் இறங்குமுன் தகடும் சைக்கிளும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று உறுதி செய்யவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு சைக்கிளின் பாகங்கள் இன்னொன்றுக்கு மாறுவது சாதாரணம். பொருளாதாரத் தடையும் எரிபொருள் இல்லாமையும் இருந்த ஆண்டுகளில் ஓடவேண்டியது ஓடினாலே போதும் என்று கிடைத்ததைப் பூட்டினார்கள். ஆகவே பட்ஜை மட்டும் வைத்து முடிவு சொல்லக்கூடாது.

முன் போக்கின் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையின்) தோள் குழாய் வடிவில், இரு முனையிலும் நிக்கல் மூடிகளோடு இருந்தது. அது றலிக்கே உரிய வடிவம். பெடல் சக்கரத்தின் நடுவில் மூன்று கொக்குத் தலைகள் வெட்டப்பட்டிருந்தன. பின்சக்கரத்தில் ஸ்ரேர்மி ஆர்ச்சர் மூன்று வேகக் கியர். அந்தக் கம்பனி தன் கியர்க் கும்பத்தின் (சக்கரத்தின் நடுக்குடத்தின்) வெளி ஓட்டில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களையும் மாதத்தையும் அடித்து வைக்கும். கறளையும் கிரீஸையும் துடைத்தபோது 58 தெரிந்தது. சக்கரம் பின்னர் மாறியிருக்கவும் கூடும் என்பதால் இதைத் திட்டவட்டமான ஆண்டாக எடுக்கவில்லை. மற்ற அடையாளங்களோடு முரண்படவில்லை, அவ்வளவே.

அந்தக் கொக்கு பிராங்க் பௌடனின் குடும்பச் சின்னத்திலிருந்து வந்தது. நொட்டிங்ஹாமில் றலி வீதியில் இருந்த ஒரு சிறு பட்டறையை வாங்கி, 1888இல் றலி சைக்கிள் கம்பனியாக வளர்த்தெடுத்தவர் அவர். இந்தியாவில் அசன்சோலில் சென்-றலி தொழிற்சாலை 1950களில் உற்பத்தி தொடங்கியபின் அங்கேயும் றலி செய்தார்கள். அதனால் பட்ஜின் அடிவரி முக்கியம். இந்தத் தகட்டின் அடியில் விரலால் தடவினாலே நொட்டிங்ஹாமின் எழுத்துகள் தட்டுப்பட்டன.

தகட்டைக் கழற்றுதல்

பட்ஜைக் கழற்றாமலே வேலை செய்யலாம் என்று சொல்பவர்கள் உண்டு. மெல்லிய தகட்டை நெம்பினால் றிவெற் துளை கிழிந்துபோகும் என்ற பயம் நியாயமானது. ஆனால் கடற்காற்று வீசும் ஊரில் பித்தளையும் இரும்பும் உப்பு ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தால் இரும்புதான் முதலில் அரிபடும். கறள் பருத்து தகட்டைப் பின்னாலிருந்து தள்ளும். இந்தப் பட்ஜின் இடது ஓரம் ஏற்கெனவே சற்று எழும்பி நின்றது. உள்ளே கறள் இருக்கும்போது வெளியே பெயின்ற் தீட்டுவதில் பயனில்லை.

முன் போக்கை இறக்கிவிட்டால் கழுத்துக் குழாய்க்குள்ளே றிவெற்களின் வால் தெரியும். முன்னாலிருந்து நெம்பத் தேவையில்லை. உள்ளே இரண்டு நாள் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, மெல்லிய உளியொன்றைச் சாய்வாக வைத்துத் தட்டியபோது இரண்டும் வளையாமல் வெளியே வந்தன. அதே றிவெற்களைத் திரும்பப் பூட்டுவதற்காக எடுத்து வைத்தேன்.

தகட்டின் பின்பக்கத்தைப் பார்த்தபோது ஓரத்தில் இளஞ்சிவப்பாகச் சில திட்டுகள் இருந்தன. பித்தளை என்பது செம்பும் நாகமும் (துத்தநாகமும்) கலந்தது. உப்பு ஈரம் நாகத்தை மெல்ல மெல்லக் கரைத்து எடுத்துவிட்டால் பஞ்சுபோன்ற செம்பு மட்டும் மிஞ்சும். அந்த இடம் பார்வைக்கு முழுசாக இருந்தாலும் பலமில்லாதது. அதை மினுக்கப் போனால் ஓட்டை விழும். ஆகவே பின்பக்கத்தைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவி, உலர்த்தி, அப்படியே விட்டேன்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பித்தளை என்றதும் வீட்டில் குத்துவிளக்குக்குப் போடும் பாலிஷைத்தான் கை தேடும். அவற்றில் பல அமோனியா கலந்தவை. அச்சில் அழுத்தி வடிவமெடுத்த பித்தளைக்குள் அந்த அழுத்தம் தங்கியிருக்கும். அமோனியா பட்டால் தகட்டில் வெடிப்பு விழலாம். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த துப்பாக்கி ரவைகளின் பித்தளைக் கோதுகள் தாமாகவே பிளந்தன. குதிரை மூத்திரத்தின் அமோனியாதான் காரணம் என்பது 1921இல் தெளிவானது. கொக்குப் பட்ஜும் அதேபோல அச்சில் அழுத்திய மெல்லிய தகடு. பாலிஷில் இருக்கும் தேய்க்கும் தூள் பெயின்ற்றையும் தின்னும் என்பது இன்னொரு கேடு.

எது பெயின்ற், எது அழுக்கு

பட்ஜில் நிறம் இரண்டு விதமாக ஏற்றப்பட்டிருக்கலாம். ஒன்று கண்ணாடித் தூளை ஏறக்குறைய 800 பாகை வெப்பத்தில் உருக்கி ஒட்டும் அசல் எனாமல். மற்றது பள்ளத்தில் பெயின்ற்றை நிரப்பி அடுப்பில் சுட்டு இறுக்கும் முறை. முதலாவது ஊசி முனைக்கு அசையாது, பெயின்ற்றைக் கரைக்கும் திரவங்களுக்கும் கரையாது. இந்தப் பட்ஜின் ஓரத்தில் கறுப்பு உரிந்திருந்த இடத்தில் ஒரு கடுகளவு சிவப்பு தெரிந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே ஊசி நுனியை மெதுவாக வைத்தபோது அது லேசாக அமிழ்ந்தது. ஆகவே சுட்ட பெயின்ற்.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் பஞ்சுக் குச்சிச் சோதனைதான். மீட்பு வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுவே. மென்மையானதிலிருந்து தொடங்கவேண்டும். சோப்புத் தண்ணீர் கறுப்பின்மேல் இருந்த தூசியை எடுத்தது. டேர்பன்டைன் கறுப்பை அசைக்கவில்லை. ஐசோபுறோப்பைல் அற்ககோலும் அப்படியே. அசற்றோன் பட்டதும் கறுப்பு சற்று நேரத்தில் வீங்கிச் சுருக்கம் விழுந்தது. அதே அசற்றோனைச் சிவப்புத் துளியில் தொட்டெடுத்தபோது பஞ்சில் நிறமேதும் வரவில்லை. கடையில் விற்கும் தின்னரில் தோய்த்து அதே சிவப்பில் வைத்தபோது மட்டும் பஞ்சு மங்கலாக றோஸ் நிறம் காட்டியது. அந்தக் காலத்துச் சிவப்பு நிறமிகளில் சில இப்படிக் கசியும். தின்னரை அத்தோடு மேசையிலிருந்தே எடுத்துவிட்டேன்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் உண்டு. அடுப்பில் சுட்ட பூச்சு வெப்பத்தில் குறுக்கும் மறுக்குமாகப் பிணைந்து இறுகியது. வீட்டில் தூரிகையால் அடித்துக் காற்றில் காயவிட்ட பூச்சுக்கு அந்தளவு இறுக்கமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு படை எண்ணெய் அழுக்கும் இருந்தது. ஆசிரியர் பெயின்ற் அடிக்குமுன் பட்ஜை உரஞ்சவில்லை. உரஞ்சியிருந்தால் சிவப்பு அன்றே போயிருக்கும்.

கறுப்பை எடுத்தல்

பெயின்ற் உரிக்கும் இரசாயனக் களி ஒரு தடவை பூசினால் கறுப்பும் போகும், சிவப்பும் போகும். சுரண்டினால் கொக்கின் கழுத்துக் கோடுகள் தேயும். எமரித் தாள் பற்றிப் பேச்சே வேண்டாம். பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கலாம், அதன் தூள் மூச்சோடு போகக்கூடாது.

செய்தது இவ்வளவுதான். அரிசியளவு பஞ்சை அசற்றோனில் நனைத்துக் கறுப்பின்மேல் வைத்து, அது ஆவியாகாமல் மேலே ஒரு துண்டுப் பொலித்தீன் மூடுவேன். கறுப்பு வீங்கியதும் மூடியை எடுத்து, சீவிய மூங்கில் குச்சியால் ஓரத்திலிருந்து தள்ளுவேன். வீங்கிய பெயின்ற் பாலாடை போல மடிந்து வந்துவிடும். அடுத்த அரிசியளவு இடம். மூங்கில் பித்தளையைக் கீறாது, நுனி மழுங்கினால் திரும்பச் சீவிக்கொள்ளலாம். கண்ணாடிக்குக் கீழே பார்த்துக்கொண்டே செய்யவேண்டிய வேலை. கண் களைத்தால் நிறுத்திவிடவேண்டும்.

முதலில் கொக்கின் அலகு வந்தது. பிறகு கண். அதற்குப் பிறகு பெயரைச் சுற்றியிருந்த பள்ளத்தில் சிவப்பு தெரியத் தொடங்கியது. எதிர்பார்த்ததைவிட அதிகம் மிஞ்சியிருந்தது, அதுவும் நல்ல ஆழமான சிவப்பாக. வெயில் பட்டு வெளிறிய பட்ஜ்களைத்தான் வழக்கமாகப் பார்க்கிறோம். இங்கே கறுப்புப் பூச்சு இத்தனை வருடமும் வெயிலை மறைத்து அந்தச் சிவப்பைக் காத்திருக்கிறது. ஆசிரியரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப நான் பழுதாக்கேல்லை என்ன?" என்று கேட்டார். இல்லை ஐயா, நீங்கள்தான் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள் என்றேன். உண்மையும் அதுதான்.

கொக்கின் பின்னணியில் கறுப்பாக ஒரு படை மிஞ்சி நின்றது. அதுவும் அசல் நிறமோ என்று சந்தேகம். உருப்பெருக்கியில் பார்த்தபோது அந்தக் கறுப்புக்கு விளிம்பு இல்லை. பெயின்ற் என்றால் உடைந்த இடத்தில் ஒரு படியாவது தெரியும். டேர்பன்டைனில் பஞ்சு மண்ணிறமாகப் பிசுபிசுத்து வந்தது. பழைய எண்ணெயும் தூசியும் பித்தளையின் கறுப்பும் சேர்ந்த அழுக்கு. அடியில் பெயின்ற்றின் தடயம் எதுவும் இல்லாததால் பின்னணிக்கு நிறம் தீட்டவில்லை. சந்தைக்கு வரும் புதுப் பட்ஜ்களில் வேறு விதமாக இருக்கலாம். இந்தத் தகடு சொல்வதைத்தான் இந்தத் தகட்டில் செய்யவேண்டும்.

சிவப்பை நிரப்புதல்

பெயரைச் சுற்றிய பள்ளத்தில் பெரும்பகுதி சிவப்பு முழுசாக இருந்தது. இரண்டு மூலைகளிலும் கீழ் வரியிலும் உதிர்ந்திருந்தது. உதிர்ந்த இடத்தில் மட்டும் நிரப்புவது என்பது தொடக்கத்திலேயே எடுத்த முடிவு. முழுப் பள்ளத்தையும் மூடித் தீட்டினால் வேலை சுலபம், பார்வைக்கும் ஒரே சீராக இருக்கும். ஆனால் நொட்டிங்ஹாமில் சுட்ட சிவப்பு அதற்கு அடியில் இரண்டாம் தடவையாகப் புதைந்துவிடும். அதற்கு நான் தயாரில்லை.

புதுப் பெயின்ற் போடுமுன் பித்தளையிலும் பழைய சிவப்பிலும் மெல்லிய படையாக ஒரு அக்ரிலிக் பிசின் பூசவேண்டும். நாளைக்கு வேறொருவர் என் வேலையை எடுக்க நினைத்தால் அந்தப் படையைக் கரைத்தாலே புதுப் பெயின்ற் கழன்று வந்துவிடும். அருங்காட்சியகங்களில் இதற்குப் பெரும்பாலும் பரலோயிட் பி-72 பயன்படுத்துவார்கள். அது ஏறக்குறைய 40 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். குளிரூட்டிய அறைக்கு அது சரி. பங்குனி, சித்திரை வெயிலில் கறுப்புச் சட்டம் கை வைக்க முடியாதளவு சுடும் ஊரில் பி-72 பசை பிடித்து, பறக்கும் தூசியெல்லாம் ஒட்டும். அதனால் ஏறக்குறைய 60 பாகை வரை தாங்கும் பி-44ஐ எடுத்தேன். பி-44 கலந்து ஆயத்தமாக விற்கும் பித்தளை வார்னிஷில் தொலுயீன் இருக்கும். தின்னருக்கே கசிந்த சிவப்பு அதற்கும் கசியும். ஆகவே பிசின் மணிகளாகவே கொழும்பிலிருந்து எடுப்பித்து அசற்றோனில் கரைத்துக்கொண்டேன்.

அசற்றோனில் கரைத்த பூச்சுக்கு ஈரக் காற்று ஆகாது. அது சட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து பனி பிடிக்கும், பூச்சு வெள்ளையாகப் பூத்துவிடும். மாரி மழை முடியும்வரை தகட்டைப் பெட்டியில் வைத்திருந்து, வெயில் ஏறிய காய்ந்த பகலில்தான் பூசினேன். அவசரப்பட்டுக் கேட்கும் சொந்தக்காரர் என்றால் இது கஷ்டம். இவர் அவசரப்படவில்லை.

நிறம் பிடிப்பது தனி வேலை. மின்குமிழுக்குக் கீழே ஒன்றாகத் தெரியும் இரண்டு சிவப்புகள் வெளியே போனால் வேறாகத் தெரியும். ஆகவே காலை வெளிச்சத்தில், முற்றத்து நிழலில் வைத்துத்தான் கலந்தேன். மாதிரியுருக்களுக்குத் தீட்டும் எண்ணெய் எனாமலில் சிவப்பும், அதில் ஒரு துளி மண்ணிறமும், அதைவிடக் குறைவாகக் கறுப்பும். கலவையை ஒரு பித்தளைத் துண்டில் தொட்டுக் காயவிட்டு, அந்தத் துண்டைப் பட்ஜின் அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம்.

நிரப்பும்போது தூரிகையால் தீட்டுவதில்லை. பெயின்ற்றைச் சற்று இளக்கி, ஊசி நுனியில் ஒரு துளி எடுத்து, பள்ளத்தின் நடுவில் விடவேண்டும். துளி தானாகப் பரவி, எழும்பி நிற்கும் பித்தளைக் கோட்டின் அடிவரை போய் அங்கே நிற்கும். மூலைக்குப் போகாவிட்டால் ஊசியால் இழுத்துவிடலாம். கனமாக ஒரே தடவையில் நிரப்பினால் மேலே தோல் பிடித்து உள்ளே காயாமல் சுருங்கும். மெல்லியதாகப் போட்டு, நன்றாகக் காயவிட்டு, மறுபடி போடவேண்டும். எழுத்தின் மேல் ஏறிய பெயின்ற்றை, அது அரைப்பதமாகக் காய்ந்தபிறகு, கடின அட்டையில் மெல்லிய துணியைச் சுற்றி டேர்பன்டைன் பட்டும் படாமலும் தொட்டுத் துடைத்தால் பித்தளை மட்டும் வெளிப்படும். பள்ளத்துக்குள் துணி இறங்காது. டேர்பன்டைன் பி-44ஐயும் கரைக்காது. தூசி விழாமல் தகட்டின் மேல் சாப்பாட்டுப் பெட்டியொன்றைக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

புது நிரப்பல் பழைய சிவப்போடு சேரும் எல்லை ஓர் அடி தூரத்திலிருந்து தெரியாது. கண்ணை நெருக்கிப் பார்த்தால் தெரியும். அப்படித் தெரியவேண்டும் என்றே விட்டேன். கடைசியாக முழுத் தகட்டுக்கும் பி-44 இன்னொரு மெல்லிய படை.

செய்யாமல் விட்டவை

கொக்கின் கழுத்துக்குக் கீழே ஒரு நசுக்கல் இருக்கிறது. அதை நிமிர்த்தப் பித்தளையைச் சூடாக்கி இளக்கவேண்டும். சூடாக்கினால் சிவப்பு கருகும். சூடாக்காமல் பின்னாலிருந்து அழுத்தினால் நாகம் போய்ப் பலமிழந்த இடத்தில் வெடிக்கும். நசுக்கல் இருக்கட்டும். நொட்டிங்ஹாமின் நடுவில் இரண்டு எழுத்துகள் தேய்ந்து தட்டையாகிவிட்டன. அவற்றைப் பெயின்ற்றால் வரைந்து காட்டவில்லை.

சட்டத்தின் கறுப்புப் பூச்சையும் தொடவில்லை. மகள் அதையும் எடுத்துவிட்டு அசல் நிறத்தைக் கொண்டுவரலாமா என்று கேட்டா. அந்தக் கறுப்பு ஆசிரியரின் கையால் அடித்தது. முன் போக்கில் டைனமோ பூட்டியிருந்த இடத்தில் அதன் பிடி அழுத்திய தடமும் அதே கறுப்பில்தான் இருக்கிறது. மின்சாரமும் பற்றறியும் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்றி அந்த டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட வீடு அது. பட்ஜ் வாசிக்கக்கூடியதாக வேண்டும் என்பது அவருடைய விருப்பம், அது நிறைவேறியது. சட்டத்துக்கு அப்படியொரு தேவை இல்லை. அவவும் கேட்டுவிட்டு, சரி விடுங்கோ அண்ணை என்றா.

பூட்டியபின்

கழுத்துக் குழாயின் கறளை நீக்கி, பட்ஜ் இருக்கும் அளவுக்கு மட்டும் கறள் தடுப்புப் பூச்சுப் போட்டேன். தகட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் மெல்லிய மெழுகுப் படை வைத்தேன். ஈரம் புகாது, பித்தளையும் இரும்பும் நேரடியாகத் தொடாது. தகட்டின் வளைவுக்கு ஏற்பச் சீவிய மரத்துண்டை மேலே வைத்து அழுத்திக்கொண்டு அதே றிவெற்களை இறக்கினேன். மேல் றிவெற் இறுகியது. கீழ் றிவெற்றின் துளை கறளில் பெருத்துவிட்டதால் சற்றுத் தளர்வாக நின்றது. அதன் வாலில் துளி எபொக்சி வைத்து உள்ளிருந்து பிடிக்கவைத்தேன். எபொக்சி பட்ஜில் படவில்லை, குழாயின் உட்பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆசிரியருக்குச் சொல்லி அனுப்பிய பராமரிப்பு: நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும், பாலிஷ் வேண்டாம், பெற்றோலும் தின்னரும் பட்ஜ் பக்கம் வரவேண்டாம், வெயிலில் நிறுத்தினால் முன்பக்கத்தை நிழலுக்குத் திருப்பி விடவும். கீழ் றிவெற்றைச் சுற்றி மண்ணிறக் கோடு ஏதும் கசிந்தால் அது உள்ளே மறுபடி கறள் பிடிப்பதற்கு அறிகுறி. அடுத்த மாரி முடிந்ததும் சைக்கிளைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கோடு இருந்தால் முன் போக்கை இறக்கி, அந்த றிவெற்றை எடுத்துவிட்டுச் சின்னப் பித்தளைத் திருகாணி ஒன்றைப் போடவேண்டியிருக்கும்.